அவள் கண்டுபிடித்த கல்லறை

மார்ச் 3, ஞாயிறு

நூலகத்தின் பழைய செய்தித்தாள் பிரிவு இன்று பாதி நாள்தான். தாத்தா வீட்டைவிட்டுப் போன வருடத்தின் கடைசி மாதங்களையும் பார்த்து முடித்துவிட்டேன். விபத்து, காணவில்லை, மரண அறிவிப்பு — எதிலும் அவர் பெயர் இல்லை. தும்மித் தும்மி மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

அப்பாவுக்கு அப்போது ஆறு வயது. தாத்தா தட்டச்சு இயந்திரம் பழுது பார்ப்பவர். வெளியூரில் ஒரு அலுவலகத்தில் வேலை இருக்கிறது என்று கருவிப்பையோடு கிளம்பியவர் திரும்பவே இல்லை. இத்தனை வயதாகியும் அப்பா கேட்கிறார், "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?" என் விடுமுறை நாளெல்லாம் மூன்று வருடமாக இதற்குத்தான் போகிறது.

நாளை தங்கச்சி வருகிறாள். அடுத்த மாதக் கடைசி வரை இருப்பாளாம். அப்பா இன்றைக்கே சவரம் செய்துகொண்டுவிட்டார்.

மார்ச் 6, புதன்

"இன்னுமா கிடைக்கல? நான் வேணா பாக்கட்டாக்கா?" என்கிறாள். தொலைந்துபோன கத்தரிக்கோலைத் தேடித் தருகிறேன் என்பது மாதிரி.

பார் என்றேன். எரிச்சலில் சொன்னதுதான்.

மார்ச் 9, சனி

கண்டுபிடித்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய கல்லறைத் தோட்டம். நான் போனபோது அங்கே இருந்த காவலாளி, மனு எழுதிக்கொண்டு வியாழக்கிழமை வா என்று திருப்பி அனுப்பினார். இவளுக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கூடவே நடந்து காட்டியிருக்கிறார். பாசி பிடித்த கல். தாத்தாவின் பெயர். அவர் காணாமல் போன அதே வருடம்.

கைப்பேசியில் படத்தைக் காட்டினாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "விட்டுட்டுப் போகல பாரு. செத்துட்டாரு. அதான் வரல."

அவருடைய மாத்திரையையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

தூங்கும்போதுகூட அழகாக இருக்கிறாள், சனியன்.

மார்ச் 17, ஞாயிறு

வாரம் முழுக்கத் தொலைபேசி. சித்தி என்னிடமே சொல்கிறாள்: "சின்னவ கெட்டிக்காரிடி. வந்த கையோட முடிச்சுட்டா." ஆமாம் சித்தி, நான் மூன்று வருடம் நூலகத்தில் செய்தித்தாளை மடித்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

புதுக் கல் வைக்கப்போகிறார்கள். முப்பதாம் தேதி எல்லோரும் வருகிறார்கள். கல்லில் என்ன எழுதுவது என்று அப்பா அவளைத்தான் கேட்கிறார்.

ஆஸ்பத்திரி வேலையிலும் மனசு நிற்கவில்லை; எக்ஸ்ரே எடுக்கும்போது ஒருவரிடம் "மூச்சைப் பிடிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துபோனேன். பாவம், கண்ணெல்லாம் பிதுங்க நின்றுகொண்டிருந்தார்.

மார்ச் 21, வியாழன்

சரியாக வியாழக்கிழமை. மனுவோடு போனேன். அந்தக் கல்லறைக்கான பதிவைக் காட்டுங்கள் என்றேன். காவலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். அதே பெயர். அதே வருடம். வயது அறுபத்தொன்று.

தாத்தாவுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை.

"அந்தப் பொண்ணுகிட்ட வயசைப் படிச்சுக் காட்டலையா?" என்றேன். "கல்லைப் பாத்ததுமே அழுதுடுச்சும்மா. அப்புறம் எதைப் படிக்கிறது?"

பேருந்தில் வரும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் நினைப்பு அப்போது ஒரு ஓரத்தில்கூட இல்லை. இதை எழுதும்போதுதான் அது உறைக்கிறது.

சரி, அந்த வருடம் அவர் சாகவில்லை என்றால்? பிறகு ஒரு நாள்தானே செத்திருக்க வேண்டும். அடுத்த பத்து, இருபது, முப்பது வருடத்துச் செய்தித்தாள்களை ஏன் நான் தொடவே இல்லை? தோன்றவில்லையா, தோன்ற விடவில்லையா? அவர் சீக்கிரம் செத்திருக்க வேண்டும் என்று நானும்தான் ஆசைப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 28, வியாழன்

கிடைத்துவிட்டார்.

மூன்று நாள் விடுப்பு போட்டு உட்கார்ந்து, மரண அறிவிப்பு வரும் பக்கங்களை மட்டும் புரட்டினேன். உள்பக்கத்தில், ஒரு டயர் விளம்பரத்துக்குக் கீழே: முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. படத்தில் வழுக்கை, கண்ணாடி. ஆனால் இடது புருவத்தை இரண்டாகப் பிளக்கும் அந்தத் தழும்பு அப்படியே இருக்கிறது. எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே படத்திலும் அதுதான் முதலில் கண்ணில் படும். பெயர் அதுவே. தட்டச்சு இயந்திரம் பழுது பார்ப்பவர். "பிரிவால் வாடும் மனைவி, மகள்." அடக்கம் செய்த இடமும் போட்டிருக்கிறது. இங்கிருந்து இரண்டு பேருந்து மாறினால் போய்விடலாம்.

அப்பாவுக்குக் கல்யாணமாகி நான் பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை அந்த மனுஷன் உயிரோடு இருந்திருக்கிறார்.

நகல் எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். முப்பதாம் தேதி எல்லோர் முன்னாலும் எடுத்து நீட்டப்போகிறேன். அவள் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கவேண்டும்.

மார்ச் 30, சனி

நீட்டவில்லை.

அப்பா புதுக் கல்லின் முன்னால் காலணியைக் கழற்றிவிட்டு நின்றார். யாரோ ஒருவருடைய கல்லறை. அவரிடம், "உங்க மேல கோவமா இருந்தேன்பா. இனிமே இல்ல" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

என் கை பைக்குள்ளேயே இருந்தது. தங்கச்சி என் தோளில் சாய்ந்து அழுதாள். தள்ளிவிடவில்லை. அணைத்துக்கொள்ளவும் இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

தனியாகப் போனேன், அந்த இன்னொரு கல்லறைத் தோட்டத்துக்கு.

அறுபது வயதிருக்கும், ஒரு பெண் ஈரத் துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றதைப் பார்த்துவிட்டு, "யாரைத் தேடுறீங்க?" என்றாள்.

"இவரைத்தான். நான் இவரோட பேத்தி."

துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். தண்ணீர் நின்ற பிறகும் பிழிந்தாள். "பொடியன் பொண்ணா?"

அப்பாவைத் தெரியுமா என்று கேட்டதற்கு, "தெரியாம? நான் கணக்குல கோட்டை விட்டா, 'பொடியன்னா சரியாப் போட்டிருப்பான்'ம்பாரு. என் கையெழுத்தைப் பாத்தா, 'பொடியன் முத்து முத்தா எழுதுவான்'ம்பாரு. ஆறு வயசுப் பையனை என் தலைமேல உக்காத்தி வெச்சே வளத்தாரு. அவனை நான் பாத்ததுகூட இல்ல. ஆனா சின்ன வயசுல அவன் செத்துப்போகணும்னு வேண்டியிருக்கேன்."

"ஏன் திரும்பி வரல?"

"கேட்டேன். எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறதுன்னாரு. முதல்ல வெக்கம். அப்புறம் நாள் ஓடிப்போச்சு. எங்கம்மாவும் போக விட்டிருக்க மாட்டாங்க."

தையல் கடை வைத்திருக்கிறாளாம். தனியாக இருக்கிறாளாம். அப்பாவின் அதே தாடை. கிளம்பும்போது "அத்தை" என்று சொல்ல நாக்கு எழவில்லை. தொலைபேசி எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 8, திங்கள்

தங்கச்சியிடம் சொல்லிவிட்டேன். மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நகலை வாங்கிப் பார்த்தாள், நூலக முத்திரையில் இருந்த மார்ச் 28 என்ற தேதியைப் பார்த்தாள்.

"முப்பதாம் தேதி இது உன்கிட்ட இருந்துதா?"

"இருந்துது."

"எதுக்குக் கொண்டு வந்த? என்னைக் கேவலப்படுத்தவா?"

"ஆமா."

கையிலிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு, "நானா இருந்தா அங்கயே நீட்டியிருப்பேன்" என்றாள். "அப்பா தினமும் எனக்குப் போன் பண்ணி உன்னைப் பத்தியேதான் பேசுவாரு. பெரியவ இன்னிக்கும் லைப்ரரி போயிருக்கா, பெரியவ சொன்னா சரியா இருக்கும்னு. ஒரு தடவையாவது உனக்கு முன்னாடி நான் போகணும்னுதான் அந்தக் கல்லைப் பாத்ததும் வேற எதையும் பாக்கல."

என்னைப் பற்றியா? என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லையே இந்த மனுஷன்.

ஏப்ரல் 13, சனி

இருவருமாக அப்பாவிடம் சொன்னோம். அவர் சாய்வு நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே கேட்டார். "அப்ப அந்தப் புதுக் கல்லு யாருக்கு?"

"வேற யாருக்கோப்பா. என் தப்புதான்" என்றாள் தங்கச்சி.

"பாவம். அவரையும் யாராச்சும் தேடிட்டு இருப்பாங்க." அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தப்புப் பண்ணினவளுக்கும் தடவல்தான். எனக்கு எரிந்தது, பொய் எழுத மாட்டேன்.

பகல் முழுக்க அவர் சாப்பிடவில்லை. சாயங்காலம் கேட்டார்: "அந்தப் பொண்ணை வரச் சொல்றியா?"

ஏப்ரல் 21, ஞாயிறு

அத்தை வந்தாள். ரொட்டியும் பழமும் வாங்கி வந்திருந்தாள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒருவர் தாடையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெயிலைப் பற்றிப் பேசினார்கள். முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார்கள். நானும் தங்கச்சியும் சமையலறை வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

அப்பா திடீரென்று கேட்டார், "உனக்கு சைக்கிள் அவருதான் கத்துக் குடுத்தாரா?"

"ஆமாண்ணே."

"பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தாரா?"

"வந்தாரு. பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்னு சொல்லிக்கிட்டே விட்டுடுவாரு."

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எனக்கு யாரும் கத்துக் குடுக்கல. இன்னிக்கு வரைக்கும் ஓட்டத் தெரியாது."

அத்தைக்கு நம்ப முடியவில்லை. "தெரியாதா? பொடியன் கையை விட்டுட்டு ஓட்டுவான்னாரே. நான் அதுக்காகவே எத்தனை தடவை விழுந்திருக்கேன் தெரியுமா?" பாதத்துக்கு மேல் புடவையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே இருந்த பழைய தழும்பைக் காட்டினாள்.

அப்பா குனிந்து அதைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"பொய் சொல்லியிருக்காரு," என்றார். குரலில் பெருமை தாங்கவில்லை.

தங்கச்சி என் காதில், "அப்பாவுக்குப் பொறாமைக்கா" என்றாள். பழம் நறுக்கி வைத்த தட்டை அவள் கையில் கொடுத்து, முதலில் அத்தைக்குக் கொண்டுபோய் வைக்கச் சொன்னேன்.