சட்டைக் கழுத்தில் உன் தொலைபேசி எண்

பிள்ளை,

இன்று காலை எங்கள் கட்டடத்தின் பொதுச் சலவை இயந்திரத்திலிருந்து என் நீலச் சட்டையை எடுத்தேன். கழுத்துப் பட்டியின் உள்ளே நீ தைத்த வெள்ளைத் துணித்துண்டு. மூன்று கண்டங்களின் அழுக்கை விழுங்கும் இயந்திரத்தால் உன் சிவப்பு நூலை மட்டும் அசைக்க முடியவில்லை.

சிட்னியின் வெஸ்ட்மீட்டில் நீ என் பக்கத்து வீட்டில் இருந்த காலம். உன் மகள் சின்னவளின் சட்டைகளிலெல்லாம் அவள் பெயரையும் உன் எண்ணையும் தைத்துக்கொண்டிருந்தாய்.

"என்ன பிள்ளை, இளவரசியை ஏற்றுமதி செய்யப் போறியோ?"

வன்னியில் உன் அம்மா வேலைக்குப் போகையில் உன்னை விட்டுச்சென்ற பராமரிப்பு நிலையத்தில் அதுதான் வழக்கம் என்றாய். ஷெல்லடியில் பிள்ளைகள் சிதறினால் துணியைப் பார்த்துத் தாயைத் தேடுவார்களாம்.

"நிலையத்துக்குச் செலவு ஆர் குடுத்தது?"

"அரசாங்கம்தான் அங்கிள். மேலாலை குண்டும் அவை, கீழாலை பால்மாவும் அவை."

இங்கே வானத்திலிருந்து மழைதான் விழுகிறது. ஆனாலும் உன் தற்காலிக விசாவுக்குக் குழந்தைப் பராமரிப்பு உதவி கிடையாது என்றுவிட்டார்கள். "சண்டைக்குள்ளை எனக்கு இடம் இருந்தது, சமாதானத்திலை என்ரை பிள்ளைக்கு இல்லை" என்று சிரித்தாய்.

உடனே என்னை நானே குழந்தைகள் நல அமைச்சராக நியமித்து, சாய்வுக் கதிரையில் பதவியேற்றேன். சின்னவளை என்னிடம் விட்டு நீ சலவைக்கூடத்து வேலைக்குப் போனாய். பதினோராம் நாள் அமைச்சர் உறங்கிவிட்டார். இடியே வந்து தோளைத் தட்டினாலும் எழும்பாத உறக்கம். சின்னவள் பஸ் தரிப்பிடம் வரை போய்விட்டாள். யாரோ அவள் சட்டையைப் பார்த்து உன்னை அழைத்தார்கள். ஓடிய இயந்திரத்தை அப்படியே விட்டு ஓடிவந்தாய். அந்த வாரமே வேலை போனது.

ஏசுவாய் என்று காத்திருந்தேன். நீ என் சட்டைகளைக் கேட்டாய்.

"இனித் துலையப்போறது நீங்கள்தான் அங்கிள். கண்டெடுக்கிற ஆக்கள் எனக்குப் போன் அடிக்கட்டும்."

அடுத்த வேலையையும் இழக்கப் பயந்து, வயிற்றுவலியை மறைத்தாய். டாக்டரிடம் போனபோது காலம் கடந்திருந்தது; ஆஸ்பத்திரியிலிருந்து நீ உயிரோடு திரும்பவில்லை. சின்னவளை மெல்பேர்னுக்கு உன் அக்கா கொண்டுபோனாள். அக்காவுக்கும் அதே விசா, அதே பதில். வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

நேற்று, கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி எனக்கு மறந்துவிட்டது. வீதியில் நின்ற ஒரு பெண்ணிடம் அரசமுத்திரை காட்டுவதுபோல் கழுத்துப் பட்டியைத் திருப்பிக் காட்டினேன். அழைத்துப் பார்த்தாள். அந்த எண் பாவனையில் இல்லையாம். முகவரி கேட்டு வீடுவரை கொண்டுவந்து விட்டு, வேறு எண்ணைத் தைக்கச் சொன்னாள்.

சிட்னி முழுவதையும் மனதில் புரட்டிப் பார்த்துவிட்டேன், பிள்ளை. தைப்பதற்கு வேறு எண் இல்லை. காய்ந்ததும் இதையே போட்டுக்கொள்வேன்.