பாறைக்கரைக்கு நான்கு நாள்

அன்புள்ள உங்களுக்கு,

நானும் குட்டியும் இங்கே சுகம். நீங்களும் சுகம் என்றுதான் எழுதுவீர்கள். மலையைக் குடைகிற வேலையில் இருக்கிற மனுஷன் எழுதுவதில் பாதியைத்தான் நம்புவேன் என்பதும் உங்களுக்குத் தெரியும். அங்கே போனுக்கு சிக்னலாவது கிடைத்தால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

நல்ல செய்தி. கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் சொல்லிக்கொண்டிருக்கும் பாறைக்கரைப் பயணம் ஒருவழியாகக் காகிதத்துக்கு வந்துவிட்டது. கயிற்றில் தொங்கிப் பாறையில் இறங்கணும், துடுப்புப் படகில் குகைக்குள் போகணும், கூடாரத்தில் படுக்கணும் என்று பத்து வருஷமாகக் காது புளிக்கப் பேசினீர்கள். இரண்டு மாதத்தில் உங்களுக்கு லீவு. இந்த முறை விடுவதாக இல்லை.

டிப்போவில் பஸ்களுக்கு நேரம் குறிக்கிறவள் வேறு எப்படித் திட்டம் போடுவேன்? எங்கள் அட்டவணைத் தாளிலேயே போட்டுவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்து, இது எந்த ரூட், எனக்குத் தெரியாமல் புதுசா விட்டிருக்காங்களா என்று கேட்டார். அசடு வழிந்தேன்.

சனிக்கிழமை காலை 9.10க்கு நடை. செங்குத்துப் பாறைக்கு அடியில் ஒரு மணல்வழி இருக்கிறது. கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டும்தான் அதில் நடக்க முடியுமாம். அதன் மறுபக்கம் கூடாரம். ஞாயிறு படகு. திங்கள் கயிறு. செவ்வாய் காலை அதே 9.10க்கு அதே வழியில் திரும்புகிறோம். அங்கே படகும் கூடாரமும் வாடகைக்கு விடுகிற அம்மாவின் நம்பர் கிடைத்திருக்கிறது. பேசிவிட்டு எழுதுகிறேன்.

நீங்கள் வரைந்து அனுப்பிய முடிச்சுகளைக் குட்டி ஜன்னல் கம்பியில் போட்டுப் பழகுகிறாள். துணி காயப்போடும் கயிறு அங்கேதான் இருக்கிறது, துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்கிறது. கிரேனில் பாரம் கட்டுகிறவர் மகளாயிற்றே. அப்பா பார்த்து சரி என்று சொல்லாமல் கயிற்றில் கால் வைக்க மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

பாறையில் வழுக்காத ஷூ வாங்க வேண்டும். உங்களுக்கு எட்டாம் நம்பர்தானே? எழுதுங்கள்.

நாள் எண்ணிக்கொண்டிருக்கும்,
உங்கள் டைம் கீப்பர்


அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என் மூக்கு உடைந்த கதையைக் கேளுங்கள்.

படகுக்காரம்மாவிடம் திட்டத்தைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். செவ்வாய் 9.10 என்று சொன்னதும் போனில் சிரித்தாள் பாருங்கள், அப்படியொரு சிரிப்பு. "கடல் என்ன உங்க டிப்போ வண்டியாம்மா, தெனமும் ஒரே நேரத்துக்குக் கெளம்ப? அது ஒவ்வொரு நாளும் ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளித்தான் உள்வாங்கும்" என்றாள். சனிக்கிழமை 9.10 என்றால் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டுக்குப் பக்கம் வந்துவிடுமாம். என் அட்டவணைப்படி கிளம்பியிருந்தால் குழந்தையோடு இடுப்பளவுத் தண்ணீரில், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அலை என்று மாட்டியிருப்போம். ஒரு வண்டி ஐந்து நிமிஷம் தாமதமானால் டிப்போவையே இரண்டாக்குகிறவள், கடலுக்கும் 9.10 என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

திட்டத்தைத் திருத்திவிட்டேன். இனி உங்கள் கடிதம்.

யார் எழுதியது அது? எழுத்தெல்லாம் அச்சில் வார்த்தது போல் உருண்டை உருண்டையாக இருக்கிறது. டிரைவரின் டிரிப் ஷீட்டைக் கண்டக்டர் நிரப்பினால் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிறவளிடமே இந்த வேலையா? வேலை மும்முரம், பக்கத்தில் இருந்தவரை எழுதச் சொன்னேன் என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். சரி, இருக்கட்டும். கயிறு வேண்டாம், படகும் வேண்டாம், கரையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று அதே கடிதத்தில் இருக்கிறதே, அது யார் சொன்னது? உட்கார்வதற்கு நம் வீட்டு மாடிப்படியே போதுமே.

ஷூ நம்பரையும் எழுதவில்லை. என்னவோ சரியில்லை. அடுத்த கடிதம் உங்கள் கையாலேயே வரட்டும். இரண்டு வரியானாலும் போதும்.

மனசு ஆறாமல்,
உங்கள் டைம் கீப்பர்


என் அன்புக்குரிய உங்களுக்கு,

கேட்டபடியே உங்கள் கையால் எழுதிவிட்டீர்கள். பென்சிலில் நான்கு வரி. லீவை ரத்து செய்துவிட்டேன், நீங்கள் இருவரும் போய் வாருங்கள், நான் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, எதுவும் கேட்காதே. எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சரிந்து விழுந்திருந்தன. உங்கள் கைதான். ஆனால் இடது கை.

உங்கள் வேலையிடத்து ஸ்டோர்காரர் லீவில் ஊருக்குப் போக நேற்று எங்கள் டிப்போவுக்குத்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் தூண் பக்கம் ஒதுங்கினார். விடுவேனா? டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்து, அவர் வண்டி கிளம்புவதற்குள் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டேன். பாரம் நழுவியதும், கம்பிக்கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் உங்கள் வலது கை சிக்கியதும், கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும் போனதும். சொல்ல மாட்டேன் என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தீர்களாம். பாவம், அவரைத் திட்டாதீர்கள்.

என்றைக்கு என்று கேட்டேன். கணக்குப் போட்டால், பயணத்தைப் பற்றிய என் முதல் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்கு நான்கு நாள் முன்னால். கையில் கட்டோடு படுத்திருந்த உங்களுக்கு முடிச்சு, கயிறு, ஷூ நம்பர் என்று எழுதியிருக்கிறேன். அதை எவனோ ஒருவன் உங்களுக்குப் படித்துக் காட்டியிருப்பான்.

டிப்போ பின்னால் பழைய டயர் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று அழுதேன். முதலில் உங்கள் கையை நினைத்து. அப்புறம் கோபத்தில். வலி தெரியாத மாதிரி நடிக்க உங்களுக்கு நான் யார், கம்பெனி அதிகாரியா?

குட்டியிடம் சொல்லிவிட்டேன். மறைக்கத் தோன்றவில்லை. இன்னும் வலிக்குதா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு ஜன்னலுக்குப் போய், வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இடது கையாலும் பல்லாலும் முடிச்சுப் போட ஆரம்பித்தாள். மூன்று தடவைக்கு ஒரு தடவை வருகிறது. மீதி இரண்டுக்கும் அப்பாவிடம் கேட்கணுமாம்.

படகுக்காரம்மாவுக்கும் போன் செய்தேன். இருவர் உட்காரும் படகு அவளிடம் இருக்கிறது. பின்னால் இருப்பவர் துடுப்புப் போட்டால் போதுமாம். பின்னால் நான் உட்காருகிறேன். எங்கே போய் முட்டுவேனோ தெரியாது, முன்னாலிருந்து நீங்கள் கத்துங்கள். கயிற்றை அவளும் அவள் தம்பியும் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் போடும் முடிச்சைப் பார்த்து சரி என்று சொல்ல வேறு ஆள் கிடையாது. நீங்கள் சொல்லாமல் உங்கள் மகள் இறங்க மாட்டாள். அவளை எனக்குத் தெரியும், உங்களையே உரித்து வைத்திருக்கிறாள்.

எட்டாம் நம்பர் ஷூ வாங்கிவிட்டேன். கயிறு கட்டுகிற மாதிரி இல்லை, இழுத்து ஒட்டுகிற பட்டை வைத்தது.

திட்டத்தையும் மறுபடி எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை தேதியும் இல்லை, மணியும் இல்லை. நீங்கள் ரத்து செய்த லீவை மறுபடி கேளுங்கள். எப்போது கிடைத்தாலும் சரி, கடலின் நேரத்தைப் படகுக்காரம்மா பார்த்துச் சொல்வாள்.

கடைசியாக ஒன்று. என் பதிவேட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கட்டம் உண்டு. ஒன்று, வந்து சேர்ந்த நேரம். இன்னொன்று, தாமதத்துக்குக் காரணம். அந்த இரண்டாவது கட்டத்தை நிரப்பாமல் எந்த டிரைவரையும் நான் வீட்டுக்கு விட்டதில்லை. அதற்காக என்னைத் திட்டாத டிரைவரும் கிடையாது.

உங்களுக்கு அதைக் காலியாக விடுகிறேன். ஒன்றும் கேட்க மாட்டேன். நீங்கள் வந்து சேருங்கள், நேரத்தை மட்டும் எழுதிக்கொள்கிறேன்.

வாசலைப் பார்த்தபடி,
உங்கள் டைம் கீப்பர்