மெயின் சுவிட்ச் இறக்கிய வெள்ளிக்கிழமை

மேல் லயம், எஹலியகொட
12.10.2025

அன்புள்ள மஸீஹா,

அன்புள்ள என்று எழுதவே கை வரவில்லை. போனில் பேசினால் கத்திவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றே காலுக்கு மலையுச்சி மழைமானியில் 110 மில்லிமீட்டர். நாம் இரண்டு பேரும் செய்த இணையப் பக்கத்தில் போட்டேன். இருபது நிமிஷம் அழுத்தியும் போகவில்லை. நூறைத் தாண்டினால் பக்கம் சிவப்பாகும், உடனே கீழே குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்துக்கு இறங்குங்கள் என்று தோட்டத்து லய வீடுகளுக்கெல்லாம் சொல்லி வைத்தோமே! நீ ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சேர்வர் உன் வாப்பா கடை லெப்டொப்பில் என்னதான் செய்தது?

மண் சரிந்து கருப்பாயி அக்கா குடியிருந்த லயத்துக் காம்பரா போய்விட்டது. கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். "செவப்பு வரலியே கலா, அதான் சோறு வடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்கிறார். நான் என்னடி சொல்லட்டும்?

விஜயகலா

அரநாயக்க
15.10.2025

கலாவுக்கு,

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகும்போது வாப்பா கடையைப் பூட்டி மெயின் சுவிட்சை இறக்குவார்; இன்டர்நெட் ரவுட்டரும் அதோடு அணைந்துவிடும். நான் பிறந்ததிலிருந்து இறக்குகிறார். சேர்வர் எழுதத் தெரிந்த எனக்கு அது நினைவில் வரவில்லை. நான் சோதித்ததெல்லாம் செவ்வாயும் புதனும். என் பிழைதான்.

ஆனால் நீ? இருபது நிமிஷம் போனைத் தேய்த்துக்கொண்டு நின்றாயே, லயத்துக்கு ஓடிப்போய்க் கத்த வாய் இல்லையா?

மஸீஹா

மேல் லயம்
26.10.2025

மஸீஹா,

அந்த இருபது நிமிஷத்தை நான் மறந்திருப்பேன் என்று நினைத்தாயா? நீ சொன்னது உண்மை. அதனால்தான் கோபம் ஆறவில்லை.

உன் தயவு இனி வேண்டாம். நீ எழுதிய சேர்வரின் பதினைந்து வரி நிரலை நானே உட்கார்ந்து எழுதினேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் இரண்டு நாள் ஓடவில்லை. உன்னிடம் கேட்கவில்லையே! இப்போது மடுவத்தில் பழைய போனிலேயே சேர்வர் ஓடுகிறது. கரண்ட் போனாலும் அணையாது. பக்கத்தின் புது முகவரி இந்தக் கடிதத்தின் பின்புறத்தில். பார்த்தால் பார். எனக்கு எழுதாதே.

விஜயகலா

அரநாயக்க
08.11.2025

கலா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். திட்டிக்கொள்.

நேற்று ஜும்மா நேரம், கொட்டும் மழை. வீட்டில் நானும் உம்மாவும்தான். உன் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு. கீழே நீ எழுதியிருந்தாய்: "லயத்து ஆளுங்க எல்லாரும் எறங்கியாச்சு. மஸீஹா, ஒங்க வீட்டுக்குப் பின்னாடியும் மலைதான். உம்மாவக் கூட்டிக்கிட்டு எறங்குடி, மூதேவி."

லயமே பார்க்கிற பக்கத்திலா என்னைத் திட்டுவாய்? ஆத்திரத்தோடுதான் உம்மாவைக் கூட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்கு இறங்கினேன். மூன்று மணிக்கு மலை சரிந்து எங்கள் குசினி அடுப்போடு மண்ணுக்குள் போனது.

கருப்பாயி அக்காவைப் பார்க்க ஞாயிறு வருகிறேன். நீ பேசவேண்டாம். அந்தப் பக்கத்தை மட்டும் அணைத்துவிடாதே.

உன் மூதேவி,
மஸீஹா