பிளாஸ்டிக் கழுத்து

அன்பு சரசுக்கு,

உன் வீட்டுக்காரன் திருமுடிவாக்கத்துல, பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில ராஜாவாட்டம் இருக்கேன். நீ வேளைக்குச் சாப்பிடறியா?

கழுத்துக் கட்டியில டாக்டரம்மா ஊசி குத்தி உறிஞ்சி எடுத்தாங்க. நான் கண்ணைக்கூடச் சிமிட்டலை, நர்ஸுங்க கைதட்டினாங்க. பூதக்கண்ணாடியில பார்த்தா, செல்லுங்க தைராய்டு சாயலையே தொலைச்சிட்டு நிக்குதாம். "அனாபிளாஸ்டிக்"னாங்க. "டப்பா கம்பெனிக்காரன் கழுத்துல பிளாஸ்டிக்தானே மேடம் இருக்கும்"னேன். அவங்க சிரிக்கலை. ஆபரேஷன் செய்யற கட்டமெல்லாம் தாண்டிடுச்சாம். கத்தி படாம தப்பிச்சான் பார் உன் ஆளு! "கூட யார் இருக்காங்க?"ன்னுதான் திரும்பத் திரும்பக் கேட்டாங்க.

குரல் கம்மிட்டதால போன் வேண்டாம்னு எழுதறேன். ஊர்லேருந்து வரும்போது கேழ்வரகு மாவு கொண்டா, சோறு இறங்கலை. ஷிஃப்டுக்கு மணி அடிக்குது. "ஏய் சரசு"ன்னு கூப்பிடற அளவுக்குக் குரல் இன்னும் மிச்சம் இருக்கு. சீக்கிரம் வா.

உன் சுகுமார்