லட்சுமி தூங்கிவிட்டாள்

செவ்வாய், இரவு.

கட்டைவிரல் இரண்டும் வலிக்கின்றன. இன்று அக்குபிரஷருக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆனால் மனதில் நிற்பது பட்டினச்சேரி லட்சுமிதான். மீன் விற்கிறவள். கடலுக்குப் போன புருஷன் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருக்கிறான். அன்றிலிருந்து அவளுக்குக் கழுத்தைத் திருப்ப முடியவில்லை, தூக்கமும் இல்லை.

தோளை அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. பிறகு மணிக்கட்டின் உள்பக்கம் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வரவில்லை. காத்திருந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினேன்.

சாயங்காலம் விழித்ததும் என் மேல் பாய்ந்தாள்.

"ஏங்க என்னை எழுப்பல? அவரு அங்க எப்படிக் கெடக்குறாரோ, நான் இங்க காலை நீட்டித் தூங்கியிருக்கேன்!"

அழுதாள். சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். வாசலிலேயே நின்று கையை நீட்டினாள்.

"எந்த எடத்துல அழுத்துனீங்கக்கா? எங்க மாமியாரும் தூங்குறதே இல்ல. மவனை நெனச்சு உக்காந்தே இருக்காங்க."

தொட்டுக் காட்டினேன். இடம் தப்பிவிடக் கூடாதென்று, அங்கே வைத்த தன் விரலை எடுக்காமலே பஸ்ஸுக்கு நடந்தாள்.