மை கொட்டிய வரைபடம்

பம்பாய்,
ஆகஸ்ட் 1983

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நாகலூரில் மழை விட்டதா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

பயப்படாமல் படியுங்கள். போன வாரம், நான் வரைந்து முடித்த ஆஸ்பத்திரிக் கட்டட வரைபடத்தின்மேல் மைப்புட்டியைத் தட்டிவிட்டேன். மறுநாள் அதைக் கொடுத்தாக வேண்டும். "பெரிய எடம் கண்ணு, பார்த்து நடந்துக்கோ" என்று மலையடிவாரத்தில் என்னை வழியனுப்பும்போது சொன்னீர்களே, அதுதான் காதில் கேட்டது. எஸ்டேட்டில் ஒரு கூடை காப்பிப்பழம் கொட்டினாலே மேஸ்திரி போடும் சத்தம் உங்களுக்குத் தெரியும்.

இங்கே யாரும் கத்தவில்லை அப்பா. முதலாளி ரானடே சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, கெட்டுப்போன தாளின்மேல், அடியில் உள்ள கோடு தெரிகிற மெல்லிய புதுத்தாளை விரித்தார். எல்லாரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு மேஜையைச் சுற்றிக் குனிந்தார்கள். யார் தாள் கெட்டாலும் இதுதான் இந்த ஆபீஸ் வழக்கமாம். சார் எனக்கு எதிரே நின்று கக்கூஸ் குழாய்களை வரைந்தார்! 'வரைந்தவர்' என்ற இடத்தில் என் பெயரையே எழுதச் சொன்னார். கோயில் பீடத்தின் முன்னே நிற்பதுபோல் இருந்தது எனக்கு.

நம் ஊட்டுக் காப்பித்தூள் கொஞ்சம் அனுப்புங்கள். தபால்பெட்டியைத் திறந்து எடுப்பதற்குள் இதைப் போட வேண்டும். இன்னொன்று, சவரம் செய்த பிளேடுகளை எறியாதீர்கள். மைக்கோடு தப்பாக விழுந்தால் பழைய பிளேடால்தான் சுரண்டுவோம். மற்றவர்கள் அவரவர் அப்பாவின் பிளேடைக் கொண்டுவருகிறார்கள். நான் மட்டும் கடையில் வாங்குகிறேன்.

உங்கள் மகள்,
அமலி