கூழ் அண்டாவும் உன் சிப்பும்

ஆவடி,
ஆடி, கடைசி செவ்வாய்

அன்புள்ள கார்த்திகாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன், புத்தியும் தெளிவாகவே இருக்கிறது. அம்மா கோயிலில் தனியாக நின்று சிரித்தாள், கூப்பிட்டால் திரும்பவில்லை, இனி தனியே விட முடியாது என்று உன் அண்ணன் பூபாலன் உனக்குப் போன் செய்தானாம். சிரித்தது உண்மை. திரும்பாததற்குக் காரணம், மேளச் சத்தத்துக்கு நடுவே என் காதுக்கருவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் அவன் கற்பனை. வேலையில் வடிவமைத்த முதல் கம்ப்யூட்டர் சிப் சரியாக வரவில்லை என்று ஏற்கெனவே சோர்ந்திருந்த நீ, இதையும் கேட்டுவிட்டு வேலையை விட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன் என்றாயாம். அதற்காகத்தான் உடனே எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆடிக்கூழுக்கு வீட்டுக்கு வீடு காய்ச்சி எடுத்துவந்து, படையல் முடிந்ததும் ஒரே அண்டாவில் ஊற்றுவோம் அல்லவா. வருடாவருடம் ஒவ்வொரு குடமும் முதலில் என் மேசைக்கு வர வேண்டும், நான் உப்பு பார்த்து அனுப்பிய பிறகுதான் அண்டாவுக்குப் போகும். சுமந்து சுமந்தே பெண்கள் களைத்துப்போவார்கள், வரிசை தெருமுனை வரை நிற்கும். எதிர்வீட்டுக் கெங்கம்மாள், "அக்கா தராசு வச்சிக்கினு கூழ் ஊத்துது" என்று கிண்டல் செய்வாள். இந்த வருடம் முழங்கால் வலியில் என்னால் மேசையருகே நெடுநேரம் நிற்க முடியவில்லை, குடங்கள் நேராக அண்டாவுக்கே போயின. உன் அண்ணி ரேணுகா வழக்கம்போல உப்பை அள்ளிப் போட்டிருந்தாள், கெங்கம்மாள் போடவே மறந்திருந்தாள். கலக்கிய பிறகு ஒரு சொம்பு வாங்கிக் குடித்தேன். கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று சரிக்கட்டி உப்பு கச்சிதம், வரிசையே இல்லை. அப்போது உன் சிப் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். கெங்கம்மாள் பிறகு வீட்டுக்கு வந்து, "இன்னாக்கா, காத்து கருப்பு எதுனா அடிச்சிச்சோன்னு பயந்துட்டேன், நான் கத்துறேன், நீ பாட்டுக்கு அண்டாவப் பாத்து சிரிச்சிகினு கீற" என்றாள்.

இன்றைய கம்ப்யூட்டரில் எண்களை வைத்திருக்கும் இடம் ஒன்று, கணக்குப் போடும் இடம் வேறு, இரண்டுக்கும் நடுவே சுமப்பதில்தான் பாதிக்கு மேல் மின்சாரம் போகிறது என்று போன முறை வந்தபோது சொன்னாய். உங்கள் சிப்பில் எண் இருக்கும் இடத்திலேயே பெருக்கல் நடக்கும், எல்லா மின்னோட்டமும் ஒரே கம்பியில் வந்து சேரும்போது கூட்டலும் தானாக முடியும், விடை மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும் என்றாய். எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் அப்படிப்பட்ட விடைக்கு முட்டை போடுவார் என்றேன். வங்கிக் கணக்குக்கு இன்றும் அதையே சொல்வேன். ஆனால் நீ செய்வது காதுக்கருவிக்கான சிப். மேளத்தையும் மனிதர் பேச்சையும் பிரித்துச் சொல்ல அண்டாக் கூழ் அளவுக்குச் சரியாக இருந்தால் போதும், பேட்டரியும் கோயில் நடுவே கைவிடாது. ஒன்று மட்டும் யோசித்துப் பார். எல்லா வீட்டிலும் உப்பு கூடியிருந்தால் அண்டாவும் கரித்திருக்கும். உன் முதல் சிப்பில் பிழையெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்ததா என்று நீ பார்த்திருப்பாய், பார்த்திருக்காவிட்டால் பார். இரண்டாவது சிப் செய்ய உன் மேலதிகாரி உன் சம்மதத்தைக் கேட்டிருக்கிறார் என்றால், அவருக்கு உன்மேல் நம்பிக்கை போகவில்லை.

எனக்காக நீ வர வேண்டாம். கெங்கம்மாள் தினமும் எட்டிப் பார்க்கிறாள், பூபாலனும் வானகரத்திலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறான், முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொள்கிறேன். பொங்கலுக்கு லீவு போட்டு வா, மகளாக வா, காவலுக்கு வராதே. ஜெர்மனியில், உன் டிரெஸ்டனில் குளிர் தொடங்கும் முன் நல்ல ஸ்வெட்டர் வாங்கு, காலையில் வெறும் காபியோடு ஓடாதே. அம்மன் உனக்குத் துணையிருப்பாள், என் ஆசியும் எப்போதும் உண்டு.

வாட்ஸ்அப்பில் கட்டை விரல் படம் அனுப்பாதே. இரண்டாவது சிப்புக்குச் சம்மதம் சொன்னாயா இல்லையா என்பதை உன் கையால் எழுதித் தபாலில் அனுப்பு.

அன்பு அம்மா,
வசந்தகுமாரி